பதினேழாம் நாளின் இலக்கியம்

பிறப்பைக் காட்டிலும் இறப்பையே இலக்கியம் மிகுதியாகப் பாடியுள்ளது. தமிழ் இலக்கியமும் இதற்கு விலக்கன்று. களத்தில் வீழ்ந்த மன்னனுக்கும், கொடைக்கை ஓய்ந்த வள்ளலுக்கும், நெஞ்சில் நிறைந்த நண்பனுக்கும் பாடப்பெற்ற கையறுநிலைப் பாடல்கள் தமிழில் நிரம்பக் கிடக்கின்றன. கணவனை இழந்த மனைவியும் மனைவியை இழந்த கணவனும் அவ்வரிசையில் தமக்குரிய இடத்தைப் பெற்றே இருக்கின்றனர். அழுகை பாடப்பட்டிருக்கிறது, அதில் குறைவில்லை. அழுது ஓய்ந்தபின் தொடரும் வாழ்க்கை பாடப்பட்டிருக்கிறதா என்பதே எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும்.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் இல்லங்களில் துக்கச் சடங்கு பெரும்பாலும் பதினாறாம் நாள் கருமக்கிரியையோடு நிறைவு பெறுகிறது. அதுவரை வீடு நிறைய மனிதர்கள் இருப்பார்கள். அடுப்பைப் பார்த்துக்கொள்ள அண்டை வீட்டார் இருப்பார்கள். பிள்ளைகளைத் தூங்க வைக்கச் சித்தியோ அத்தையோ இருப்பார்கள். பதினாறாம் நாள் மாலையில் பந்தல் பிரிக்கப்படுகிறது. வாடகை நாற்காலிகள் லாரியில் ஏறுகின்றன. வெளியூர் உறவினர் பேருந்துக்குப் புறப்படுகின்றனர். பதினேழாம் நாள் காலையில், எஞ்சியிருப்பவர் தனியே கண்விழிக்கிறார். இருவருக்கு அளந்து பழகிய கை, ஒருவருக்கு எவ்வளவு அரிசி அளக்கும்? சேமிப்புப் புத்தகம் எந்தப் பெட்டியில் இருக்கிறது? மின்கட்டணச் சீட்டு யார் பெயரில் வருகிறது? இரவில் கதவைத் தாழிட்டுவிட்டு வருபவர் இனி யார்?

இவை சிறு கேள்விகள் போலத் தோன்றும். ஆனால் வாழ்க்கைத் துணையை இழந்தவரைப் பொறுத்தவரை, இழப்பு என்பது நாள்தோறும் இந்தச் சிறு கேள்விகளின் வடிவிலேயே வந்து நிற்கிறது. மரணம் ஒரு நாள் நிகழ்ச்சி. இல்லாமை அன்றாட நிகழ்ச்சி. ஒரு படைப்பு மரணத்தைப் பாடிவிட்டால் போதாது. இல்லாமையையும் அது கண்டிருக்க வேண்டும். இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு தமிழிலக்கியத்தைப் பார்த்தால், பெருமைப்படத் தக்கவை சிலவும், குறையென்று ஒப்புக்கொள்ள வேண்டியவை சிலவும் புலப்படுகின்றன.

இலக்கணம் சூட்டிய இரு பெயர்கள்

தொல்காப்பியர் புறத்திணையியலில், நிலையாமையைப் பேசும் காஞ்சித் திணையின்கீழ் இவ்விரு இழப்புகளையும் தனித்தனித் துறைகளாக வகுத்தார். மனைவியை இழந்த கணவனின் நிலைக்குத் தபுதார நிலை என்பது பெயர். கணவனை இழந்த மனைவியின் நிலைக்குத் தாபத நிலை என்பது பெயர். அத்தனை பழங்காலத்திலேயே இரு பாலாரின் துயரத்திற்கும் இலக்கணத்தில் இடம் வகுத்தது தமிழின் சிறப்பு என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அப்பெயர்களைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். தபுதல் என்றால் அழிதல். தாரம் என்றால் மனைவி. ஆகவே தபுதாரம் என்னும் சொல், அவனுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்கிறது. தாபதம் என்பதோ தவத்தைக் குறிக்கும் சொல். அது, அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லவில்லை. இனி அவள் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஆணுக்கு ஓர் இழப்பு. பெண்ணுக்கு ஒரு கடமை. ஒருவனின் துயரம் நிகழ்ச்சியாகவும், ஒருத்தியின் துயரம் நோன்பாகவும் பெயர் பெற்றுவிட்டன. பின்வந்த இலக்கியத்தின் போக்கு முழுவதும் இவ்விரு பெயர்களுக்குள்ளேயே கருவாக அடங்கியிருந்தது எனலாம்.

சுளகும் அல்லியும்

இந்த இலக்கணத்திற்கு இலக்கியமாக அமைந்தவை புறநானூற்றுப் பாடல்கள். அவற்றுள் பலரும் அறிந்தது 246ஆம் பாடல். பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு, கணவனின் ஈமத்தீயில் புக முனைகிறாள். தடுக்கும் சான்றோர்களை நோக்கி, கைம்பெண்ணின் வாழ்க்கையை அவள் வரிசைப்படுத்திக் காட்டுகிறாள். நெய் கலவாத நீர்ச்சோறு, எள்ளுத் துவையல், புளி சேர்த்து வெந்த வேளைக்கீரை, பாயில்லாத பருக்கைக்கல் படுக்கை என்று அந்த வரிசை நீள்கிறது. அவ்வாறு வாழும் பெண்டிருள் தான் ஒருத்தி அல்லள் என்று கூறி, தாமரைக் குளமும் தீயும் தனக்கு ஒன்றே என்கிறாள்.

இப்பாடலைக் கற்பின் பெருமைக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவது மரபு. ஆனால் வேறொரு கோணத்தில் இது ஒரு குற்றச்சாட்டாகவும் நிற்கிறது. தீக்குளிப்பதைக் காட்டிலும் கொடியது அந்த அன்றாட உணவு என்று ஓர் அரசி சொல்கிறாள். நாட்டை ஆண்டவனின் மனைவிக்கே மரணத்தைவிட மறுநாள் அச்சம் தந்தது என்றால், அந்த மறுநாளை ஏற்று வாழ்ந்த பெயர் தெரியாத பெண்டிரின் மன வலிமை எத்தகையது என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. தீயில் புகுந்தவளுக்குப் பாடல் கிடைத்தது. வேளைக்கீரை உண்டு வாழ்ந்தவளுக்கு என்ன கிடைத்தது?

அவளுக்கும் பாடல் கிடைத்திருக்கிறது என்பதே சங்க இலக்கியத்தின் பெருமை. அடுத்தடுத்து வரும் 248, 249, 250 ஆகிய மூன்று பாடல்களும் அவளைப் பாடுகின்றன. ஒக்கூர் மாசாத்தனார் பாடிய 248ஆம் பாடலில் பேசப்படுவது ஓர் ஆம்பல் கொடி. இளமையில் அது தழையாடையாகி அவள் இடையை அழகு செய்தது. இப்போது கணவன் மாய்ந்தபின், உரிய பொழுது கடந்து அவள் உண்ணும் அல்லியரிசியாக அது மாறிவிட்டது. குளம் மாறவில்லை, கொடி மாறவில்லை. அதை அவள் பயன்படுத்தும் முறை மாறிவிட்டது. ஒரே பூ இரு காலங்களையும் அளந்து காட்டுகிறது.

தும்பி சொகினனார் பாடிய 249ஆம் பாடல் இன்னும் நுட்பமானது. அகன்ற நாட்டின் தலைவன் நேற்றுவரை பலரோடு கூடி உண்டான். இன்று அவனுக்குச் சோறு படைக்க, அவன் மனைவி ஒரு சுளகளவு சிற்றிடத்தைத் துடைத்து மெழுகுகிறாள். சாணத்தைக் கரைக்கத் தனியே நீர் வேண்டியிருக்கவில்லை. அவள் கண்ணீரே போதுமானதாயிற்று. நாடளவு இருந்த வாழ்க்கை சுளகளவாகச் சுருங்கிவிட்டது. தாயங்கண்ணியார் பாடிய 250ஆம் பாடலில், முன்பு தாளிக்கும் ஓசை எழுந்த வீடு, இரப்போரைத் தடுத்து உண்பித்த வீடு, இப்போது பொலிவிழந்து கிடக்கிறது. பால் கேட்கும் சிறு பிள்ளைகள் மட்டும் இருக்கிறார்கள். அவர்களின் தந்தை சுடுகாட்டுக்குப் போய்விட்டான்.

இம்மூன்று பாடல்களிலும் நெடிய புலம்பல் இல்லை. விதியைப் பழித்தல் இல்லை. ஆம்பல், சுளகு, தாளிப்பின் ஓசை ஆகியவையே பேசுகின்றன. துயரத்தைச் சொல்ல வீட்டுப் பொருளே போதும் என்பதை அப்புலவர்கள் அறிந்திருந்தனர். பதினேழாம் நாளின் இலக்கியம் தமிழில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டது என்று சொல்லத்தக்க பாடல்கள் இவை. அந்த நோன்பு நியாயமா என்று இப்பாடல்கள் கேட்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் வழக்கத்தை ஏற்காத இக்கால வாசகரும் பாடலை ஏற்க முடிகிறது. காரணம், புலவர் வழக்கத்தைப் புகழவில்லை. அதற்குள் வாழ்ந்தவளைக் கண்டார்.

இனி, கணவனின் பக்கம். 245ஆம் பாடலைப் பாடியவன் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. மனைவியின் உடலைக் கள்ளி படர்ந்த களரில் எரியிட்டபின் அவன் பாடுகிறான். உயிரைப் போக்கும் ஆற்றல் தன் துயரத்திற்கு இல்லையே, அவள் மாய்ந்தபின்னும் தான் உயிரோடிருக்கிறேனே, இது என்ன இயல்பு என்று வியந்து வருந்துகிறான். தமிழில் மனைவியை இழந்த ஒருவன் தானே பாடிய பாடல்களுள் இதற்கு நிகரான நேர்மை உடையது அரிது. இருந்தும் பாடல் சுடுகாட்டிலேயே நின்றுவிடுகிறது. அரண்மனைக்குத் திரும்பியபின் அவன் என்ன செய்தான் என்பது தெரியவில்லை. அவனது அடுப்பை வேறு யாரோ எரித்திருப்பார்கள். ஆகவே அவன் பாட்டில் சுளகும் இல்லை, சோறும் இல்லை. இலக்கணம் வகுத்த வேறுபாடு இங்கே இலக்கியத்திலும் தெரிகிறது.

காப்பியங்கள் காட்டிய வழி

காப்பியங்களில் இந்த அன்றாட வாழ்க்கை மேலும் சுருங்கிப்போயிற்று. சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவி, கணவன் அரியணையில் வீழ்ந்ததைக் கண்டதும் உயிர் நீக்கிறாள். மணிமேகலையில் மாதவி, கணவனை இழந்த கற்புடைப் பெண்டிருக்கு உரிய வழிகளை எடுத்துரைக்கிறாள். உடனே உயிர்விடுதல், தீயில் புகுதல், நோன்பிருந்து உடலை வருத்துதல் என்னும் மூன்றே அவள் சொல்பவை. நான்காவதாக, வாழ்தல் என்று ஒன்று அங்கே சொல்லப்படவில்லை.

கம்பன் இவ்விடத்தில் தனித்து நிற்கிறான். அவனும் மண்டோதரியை இராவணன் உடல்மீதே உயிர்விடச் செய்தான். ஆனால் தாரையை வாழவிட்டான். வான்மீகத்தில் தாரை, வாலி இறந்தபின் சுக்கிரீவனோடு வாழ்பவள். கம்பனோ அவளைக் கைம்மைக் கோலத்தில் காட்டுகிறான். கொடுத்த வாக்கை மறந்த சுக்கிரீவன்மீது சினந்து இலக்குவன் கிட்கிந்தைக்குள் வருகிறான். வானர வீரர் அஞ்சி ஒதுங்குகின்றனர். அப்போது வழியை மறித்து நிற்பவள் தாரை. இலக்குவன் நிமிர்ந்து பார்க்கிறான். அணிகளைத் துறந்த அந்த உருவத்தில் அவன் காண்பது அயோத்தியில் விட்டுவந்த தன் தாயரை. சினம் தணிகிறது. அவள் அமைதியாக வழக்கை எடுத்துரைக்கிறாள், கிட்கிந்தை பிழைக்கிறது.

கைம்மைக் கோலத்தைப் புகுத்தியது கம்பன் தன் காலத்து ஒழுக்கத்திற்குச் செய்த உடன்பாடு என்று குறை கூறலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அக்கோலத்தோடு அவளை ஒரு மூலையில் உட்கார வைக்காமல், ஒரு நாட்டைக் காக்கும் பணியைச் செய்ய வைத்தான் என்பதை மறத்தலாகாது. கணவனை இழந்தவள் அவையில் வந்து, பேசி, காரியம் முடித்துத் திரும்புகிறாள். தமிழ்க் காப்பியங்களில் பதினேழாம் நாளுக்குப் பின் ஒரு வேலைக்குப் புறப்பட்ட பெண் என்று இவளைச் சொன்னால் அது மிகையாகாது.

இரு கணவர்கள், இரு கணக்குகள்

திருவள்ளுவர் தம் மனைவி வாசுகி இறந்தபோது பாடியதாக ஒரு வெண்பா செவிவழியாக வழங்கி வருகிறது. அதை வள்ளுவரே பாடினார் என்பதற்குச் சான்றில்லை. எனினும் தமிழர் தலைமுறை தலைமுறையாக அதைப் போற்றி வந்துள்ளனர். அப்பாட்டில் மனைவியின் சிறப்புகள் வரிசையாக வருகின்றன. உணவைச் சுவையாக்கியவள், சொல் தவறாதவள், காலை வருடியவள், பின்தூங்கி முன்னெழுந்தவள் என்று நினைவுகூர்ந்து, இனி இரவில் தன் கண் எவ்வாறு இனிதாக மூடும் என்று அந்தக் கணவர் கலங்குகிறார்.

அன்றாட வாழ்க்கை இப்பாட்டில் வந்துவிட்டது. சோறும் உறக்கமும் வந்துவிட்டன. அவ்வளவில் மாக்கோதையின் பாட்டிலும் இது ஒரு படி கீழிறங்கி வீட்டுக்குள் நுழைகிறது. ஆனால் எண்ணப்படுபவை எல்லாம் அவள் செய்த பணிகள். அவள் எதை விரும்பினாள், எதற்குச் சிரித்தாள், எது கிடைக்காமல் போனாள் என்பது பாட்டில் இல்லை. இது பெற்றதன் கணக்கு.

இதற்கு அருகில் சீனக் கவிஞர் ஒருவரின் பாடல்களை வைத்துப் பார்த்தல் நன்று. சீனருக்கு அண்டை வீட்டாராகத் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் அவர்தம் இலக்கியத்தை அறிந்திருப்பது குறைவு. இறந்த மனைவிக்காகப் பாடும் பாடல் சீனத்தில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளது. தாங் பேரரசுக் காலத்தில் வாழ்ந்த யுவான் ஜென் (779 – 831), தம் மனைவி வெய் சோங் 809ஆம் ஆண்டில் இறந்தபின் மூன்று இரங்கற்பாக்களை எழுதினார். அவற்றிலும் அன்றாட வாழ்க்கையே பேசப்படுகிறது. ஆனால் கணக்கு வேறு.

செல்வக் குடியில் செல்லமாக வளர்ந்த பெண் ஓர் ஏழைக் கணவனுக்கு வாய்த்தாள். அவனுக்கு உடுக்கத் துணியில்லை என்று கண்டதும் கூடையைத் துழாவித் தேடினாள். அவன் மது வாங்கிவரக் கெஞ்சியபோது, கூந்தலிலிருந்த பொன் ஊசியைக் கழற்றிக் கொடுத்தாள். காட்டுக் கீரையால் வயிறு நிறைந்தது. உதிர்ந்த இலையே விறகாயிற்று. இன்று அவனுக்குப் பெரிய சம்பளம். அதைக்கொண்டு அவளுக்குப் படையல் மட்டுமே இட முடிகிறது. அடுத்த பாட்டில், அவளுடைய ஆடைகளைப் பிறருக்குக் கொடுத்துக் கொடுத்து ஏறக்குறைய தீர்ந்துவிட்டன என்கிறார். தையல் பொருள்களை மட்டும் திறந்து பார்க்க மனம் வராமல் அப்படியே வைத்திருக்கிறார்.

வெண்பாவின் கணவர் தாம் இழந்ததை எண்ணுகிறார். யுவான் ஜென் அவளுக்குத் தாம் கொடுக்காததை எண்ணுகிறார். முன்னது வரவுக் கணக்கு. பின்னது கடன் கணக்கு. துணையை இழந்தவர் மனத்தில் இரண்டும் உண்டு என்பது உண்மையே. சட்டைக்குப் பொத்தான் தைக்க ஆளில்லாதபோது முதல் கணக்கு நினைவுக்கு வரும். ஆனால் நெடுநாள் நின்று நெஞ்சை அரிப்பது இரண்டாம் கணக்கே. இலக்கியம் அந்த இரண்டாம் கணக்கைத் தொடும்போதுதான் இறந்தவர் ஒரு பணியாளாக அல்லாமல் ஒரு மனிதராக எழுந்து நிற்கிறார்.

காலம் கடந்தால் துயரம் ஆறிவிடும் என்பர். சோங் பேரரசுக் காலக் கவிஞர் சு ஷி இதற்கு வேறொரு விடை தருகிறார். மனைவி வாங் ஃபு 1065ஆம் ஆண்டில் இறந்தார். பத்தாண்டு கழித்து, 1075இல், அவர் ஒரு கனவைப் பாட்டாக்கினார். கனவில் ஊர் திரும்புகிறார். சிறிய சன்னலருகே அவள் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். இருவருக்கும் பேச்சு வரவில்லை. பத்தாண்டில் தம் முகத்தில் புழுதியும் தலையில் நரையும் ஏறிவிட்டன. நேரில் கண்டாலும் அவளுக்குத் தம்மை அடையாளம் தெரியாது என்று வருந்துகிறார். இறந்தவர் அதே வயதில் நின்றுவிடுகிறார். இருப்பவர் மட்டும் மூப்படைகிறார். ஒன்றாக முதுமை எய்த முடியாமல் போன இந்த வேதனையைப் பதினாறாம் நாளில் யாரும் உணர முடியாது. அதற்குப் பத்தாண்டு வாழ்ந்து பார்க்க வேண்டும்.

இது பழங்காலத்தார்க்கு மட்டும் உரிய மனநிலை அன்று. அமெரிக்க எழுத்தாளர் ஜோன் டிடியன், தம் கணவர் 2003ஆம் ஆண்டின் இறுதியில் திடீரென இறந்தபின் வந்த ஓராண்டு வாழ்க்கையை ஒரு நூலாக எழுதி 2005இல் வெளியிட்டார். கணவரின் உடைகளை அப்புறப்படுத்த முற்பட்டவர், காலணிகளை மட்டும் கொடுக்க முடியாமல் நிற்கிறார். அவர் திரும்பி வந்தால் அவருக்குக் காலணி வேண்டுமே என்று மனம் சொல்கிறது. அறிவு அறிந்ததை மனம் ஏற்கவில்லை. யுவான் ஜென்னின் தையல் பொருள்களுக்கும் இந்தக் காலணிகளுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் உள்ளன. மனித மனம் அவ்வளவாக மாறிவிடவில்லை.

சீர்திருத்தம் சொன்னதும் சொல்லாததும்

இருபதாம் நூற்றாண்டில் தமிழிலக்கியம் கைம்பெண்ணை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கியது. அ. மாதவையாவின் ‘முத்துமீனாட்சி’ 1903இல் வெளிவந்தது. இளம் வயதில் விதவையான ஒரு பெண் தன் கதையைத் தானே கூறுவதாக அமைந்த அந்நாவல், மறுமணத்தை ஆதரித்து நின்றது. பாரதிதாசன் கைம்மைக் கொடுமையைச் சாடி, மறுமண உரிமையை ஓங்கிய குரலில் பாடினார். தாபத நிலை என்னும் பெயருக்குள் அடைபட்டிருந்த கடமையை இவர்கள் உடைத்தனர். இத்தொண்டை எவ்வளவு பாராட்டினும் தகும். அல்லியரிசியிலிருந்தும் பருக்கைக்கல் படுக்கையிலிருந்தும் பெண்ணை மீட்டவை இத்தகைய எழுத்துகளே.

ஆனால் சீர்திருத்த இலக்கியத்திற்கு ஒரு கேள்விதான் உண்டு: மறுமணமா, இல்லையா? இதற்கு விடை கிடைத்ததும் கதை முடிந்துவிடுகிறது. மறுமணம் செய்துகொள்ளாதவர், செய்துகொள்ள விரும்பாதவர், அதற்கு வயது கடந்தவர் ஆகியோரின் வாழ்க்கை அக்கேள்விக்கு வெளியே நின்றுவிடுகிறது. நாற்பதாண்டு ஒன்றாக வாழ்ந்து அறுபத்தைந்தாம் வயதில் தனித்துவிடப்பட்டவருக்கு மறுமணம் ஒரு வினாவே அன்று. இரவுச் சோற்றை யாரோடு உண்பது என்பதே அவருடைய வினா.

ஜெயகாந்தனின் ‘யுகசந்தி’ இவ்வெல்லையைக் கடந்த சிறுகதை. கைம்பெண்ணான ஆசிரியை கீதா மறுமணம் செய்துகொள்ள முடிவு செய்கிறாள். குடும்பம் அதிர்கிறது. பழைய ஆசாரத்தில் ஊறிய கௌரிப் பாட்டி அவளுக்குத் துணையாகப் புறப்படுகிறாள். மேலோட்டமாகப் பார்த்தால் இது மறுமணத்தைப் பற்றிய கதை. உண்மையில் கதையைத் தாங்கி நிற்பவள் பாட்டி. அவளும் ஒரு கைம்பெண். மழித்த தலையோடும் ஆசாரத்தோடும் ஒரு வாழ்நாளைக் கழித்தவள். அந்நெடிய வாழ்க்கையின் ஒவ்வொரு நாளையும் அவள் அறிந்திருந்ததனால்தான், பேத்திக்கு அதையே விதிக்க அவள் உடன்படவில்லை. கொள்கை அவளை மாற்றவில்லை. வாழ்ந்து கண்ட நாட்கள் மாற்றின. சீர்திருத்தக் கருத்து இலக்கியமாக உயர்ந்தது அந்த இடத்தில்தான்.

தோட்டத்து விடியல்

மலேசியத் தமிழரின் வாழ்க்கையில் இப்பொருள் வேறொரு வடிவம் கொண்டது. ரப்பர்த் தோட்டத்தில் வீடு தொழிலாளிக்குச் சொந்தமானதன்று, வேலையோடு வந்தது. வேலை செய்பவர் இல்லையென்றால் வீடும் இல்லை. ஆகவே கணவனை இழந்த பெண் விடியற்காலையில் பால்வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போயாக வேண்டும். அவளுக்குத் தாபத நிலை என்பது கிடையாது. பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, நேற்றுவரை கணவன் சீவிய மரங்களைக் கடந்து அவள் தன் மரங்களுக்குப் போனாள். துக்கம் காக்க நேரமின்றி அவள் வாழத் தொடங்கினாள். இலக்கணம் வகுத்த நோன்பைக் கூலி வாழ்க்கை தானாகவே தளர்த்திவிட்டது. அது விடுதலையா, மற்றொரு சுமையா என்பது எளிதில் விடை சொல்ல முடியாத கேள்வி. அவ்வாறு விடை சொல்ல முடியாத இடத்தில்தான் நல்ல சிறுகதை பிறக்கிறது.

இங்கு இன்னும் கொடிய நிலை ஒன்றும் இருந்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் ஆட்சியில், 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் – பர்மா இருப்புப்பாதை அமைக்கத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். பல்லாயிரவர் திரும்பவில்லை. எத்தனையோ குடும்பங்களுக்கு இறப்புச் செய்தி கூட வரவில்லை. செய்தி வராதவளுக்குப் பதினாறாம் நாள் எது? தாலியைக் கழற்றும் நாள் எது? திரும்பி வருவான் என்று காத்திருப்பதா, இறந்துவிட்டான் என்று அழுவதா என்று அறியாமலே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள் உண்டு. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற நாவல்கள் தண்டவாளம் போடச் சென்றவர்களின் துன்பத்தைப் பதிவு செய்துள்ளன. லயத்தில் எஞ்சியிருந்தவளின் நாட்களும் அதே அளவு இடத்தைப் பெறத் தக்கவை. மாசாத்தனாரின் ஆம்பலுக்கு நிகராக அவளிடமும் ஏதோ ஒரு பொருள் இருந்திருக்கும். அதைக் கண்டெடுப்பது எழுத்தாளரின் கடமை.

காலம் மாறிவிட்டது. ஊழியர் சேமநிதி 1951இலும், சிங்கப்பூரின் மத்திய சேமநிதி 1955இலும், மலேசியாவின் சொக்சோ 1971இலும் செயற்படத் தொடங்கின. துணையை இழந்தவருக்குக் கையில் ஓரளவு பணம் வர வழி பிறந்தது. தோட்டங்களை விட்டுத் தமிழர் பெரும்பாலும் நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். ஆனால் லயத்தில் கிடைத்த ஒன்று அடுக்குமாடி வீட்டில் எளிதில் கிடைப்பதில்லை. லயத்தில் ஒரு வீட்டில் அடுப்பு புகையவில்லையென்றால் அடுத்த வீட்டுக்குத் தெரியும். அடுக்குமாடியில் கதவு மூடியிருந்தால், உள்ளே இருப்பவர் உண்டாரா என்பதை யாரும் அறியார். அதிலும் மனைவியை இழந்த முதியவரின் நிலை இரங்கத்தக்கது. சமைத்தறியாதவர், தம் உறவினரின் பிறந்தநாளும் திருமண நாளும் மனைவியின் நினைவிலேயே இருந்தன என்பதை அவள் போனபின்னரே உணர்பவர். ஊரோடும் உறவோடும் இருந்த தொடர்பு அவள் கையில் இருந்தது. அதுவும் அவளோடு போய்விட்டது. இவரைப் பாடும் தபுதார நிலை இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை.

துணையை இழந்தவர் வீட்டுப் பிள்ளைகளும் இக்கதையில் உண்டு. தாயை இழந்த பிள்ளையின் சட்டைக் கழுத்தையும், பின்னப்படாத கூந்தலையும், கடையில் வாங்கிய உணவுப் பொட்டலத்தையும் பள்ளிக்கூடமே முதலில் காண்கிறது. சில மாதங்கள் கழித்து, கோணலாக வகிடெடுத்துப் பின்னிய சடையோடு அப்பிள்ளை வகுப்புக்கு வரும். தந்தை பின்னக் கற்றுக்கொண்டுவிட்டார் என்பது அதன் பொருள். அந்தக் கோணல் வகிட்டுக்கு ஈடான ஆறுதல் மொழி எதுவும் இல்லை. இலக்கியம் தேட வேண்டியது இத்தகைய வகிடுகளையே.

மூன்று வினாக்கள்

இப்பொருளில் எழுதப்படும் ஒரு படைப்பை மதிப்பிட மூன்று வினாக்கள் போதும். முதலாவது, அடுப்பைப் பற்றியது: மறுநாள் அந்த வீட்டில் எது மாறியது என்பது படைப்பாளிக்குத் தெரிந்திருக்கிறதா? இரண்டாவது, கணக்கைப் பற்றியது: இறந்தவரின் பணிகளுக்காக அழுகை எழுகிறதா, இறந்தவருக்காகவே எழுகிறதா? மூன்றாவது, காலத்தைப் பற்றியது: எஞ்சியவர் மாறுவதற்குப் படைப்பு இடம் தருகிறதா, அல்லது அவரை என்றென்றும் அழுதுகொண்டே இருக்கும் சிலையாக நிறுத்திவிடுகிறதா?

மூன்றாம் வினா மிக முதன்மையானது. கணவனை இழந்த பெண் ஓராண்டு கழித்து ஒரு வேடிக்கையைக் கேட்டுச் சிரித்துவிடுகிறாள். உடனே சுற்றியிருப்பவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொள்கிறாள். அன்பு குறைந்துவிட்டதா என்று தன்னையே அவள் சந்தேகிக்கிறாள். குறையவில்லை என்று அவளுக்குச் சொல்லத் தக்கவர் யார்? உறவினர் சொன்னால் அவள் நம்பமாட்டாள். உபதேசமாகச் சொன்னால் கேட்கமாட்டாள். அவளைப் போன்ற இன்னொருத்தி சிரித்ததை ஒரு கதையில் படித்தால் நம்புவாள். இலக்கியத்தால் செய்யக்கூடிய ஆறுதல் அது ஒன்றே.

காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று முடியும் கதைகளும், அவன் நினைவே துணையென வாழ்ந்தாள் என்று முடியும் கதைகளும் வாசகரைச் சிறிது நேரம் அமைதிப்படுத்தலாம். ஆனால் அவை பதினேழாம் நாளைக் காணாதவர்கள் எழுதிய முடிவுகள். புறநானூற்றுப் புலவர் ஒரு சுளகைப் பார்த்தார். சீனக் கவிஞர் ஒரு தையல் பெட்டியைப் பார்த்தார். மலேசிய, சிங்கப்பூர் எழுத்தாளர்களுக்கு முன்னால் லயத்து வாசலும், அடுக்குமாடியின் மூடிய கதவும் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒருவர், ஒருவருக்கு மட்டும் அரிசி அளக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். அவர் கற்றுக்கொள்ளும் கதையை எழுதுவோர் தமிழுக்கு ஒரு புதிய துறையைத் தருவர். இலக்கணம் அதற்குப் பெயர் சூட்டுவது பின்னர் நடக்கட்டும்.